கேம்பர் வேனின் உள்விளக்குகள்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் வழிமுறை

வேனுக்குள் விளக்கு சரியாக எரியாதபோது நம்மில் பெரும்பாலோர் முதலில் மாற்றுவது விளக்கைத்தான். 12 வோல்ட் அமைப்பில் பழுது பெரும்பாலும் விளக்கில் இருப்பதில்லை. ஒயரின் பருமன், இணைப்புகளின் இறுக்கம், பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் நெகட்டிவ் பாதை, அந்த நேரத்து வோல்டேஜ் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. வீட்டின் 230 வோல்ட் இணைப்பில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. வேனில் அதே ஒரு வோல்ட் குறைந்தால் விளக்கின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி மங்கிவிடும்.

பெங்களூரில் டெம்போ டிராவலரையோ மாருதி ஈகோவையோ வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கையும் சிறு சமையல் மேடையும் அமைத்துக்கொண்டு, வார இறுதிகளில் சக்லேஷ்பூருக்கும் குடகுக்கும் ஏலகிரிக்கும் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன். இத்தகைய வண்டிகளில் உள்விளக்கு வேலையைத் தச்சரும் மெக்கானிக்கும் உரிமையாளரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்திருப்பார்கள் என்பதால், எந்த ஒயர் எங்கே போகிறது என்பது ஒருவருக்கும் முழுமையாகத் தெரிந்திருக்காது. ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து தொடங்கி விளக்கை நோக்கி அளந்துகொண்டே செல்வதுதான் நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

தொடங்கும் முன்

இரண்டு கருவிகள் போதும். ஒன்று, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், எஸ்.பி. ரோட்டில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். மற்றொன்று டெஸ்ட் லேம்ப். ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றையும் அதற்கான ஹோல்டரையும் வாங்கி, இரண்டு நீண்ட ஒயர்களைப் பொருத்திக்கொண்டால் அது தயார். எல்.இ.டி. வைத்த டெஸ்டர் இதற்கு உதவாது. பழைய இழை பல்பாகவே இருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் தனியாகப் போதாததற்குக் காரணம் இருக்கிறது. அது அளக்கும்போது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால், இருபது செப்பு இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் ஒயரிலும் அது முழு வோல்டேஜையே காட்டும். ஜெயநகரில் நண்பர் ஒருவருடைய டிராவலரின் கூரைப் பலகையை இறக்கிப் பார்த்தபோது, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு முறுக்கு இணைப்பில் டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மீட்டர் அங்கே 12.5 வோல்ட் காட்டியது. அதே இடத்தில் 21 வாட் பல்பைச் சேர்த்தவுடன் பல்பு மங்கிய செந்நிறத்தில் எரிய, மீட்டரின் எண் 7 வோல்ட்டுக்கு அருகே சரிந்தது. அதற்கு முன் அந்த வண்டியில் இரண்டு விளக்குகளைத் தேவையில்லாமல் மாற்றியிருந்தார்கள். இனி இந்தக் கட்டுரையில் வோல்டேஜை அளக்கச் சொல்லும் இடங்களில் எல்லாம், விளக்கோ டெஸ்ட் லேம்ப்போ எரிந்துகொண்டிருக்கும்போது அளப்பதையே குறிப்பிடுகிறேன். பேட்டரியின் ஓய்வுநிலை அளவு ஒன்றே இதற்கு விதிவிலக்கு.

இணைப்புகளைக் கழற்றும் முன் 230 வோல்ட் வெளி இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். சோலார் இருந்தால் முதலில் பேனலின் ஒயரை, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டு, அதன்பின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்; திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருப்பது பல கண்ட்ரோலர்களுக்குக் கேடு.

எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன

எப்படி அணைந்தன என்பதை முதலில் நினைவுகூருங்கள். லெட்-ஆசிட் பேட்டரி தீரும்போது விளக்குகள் மெல்ல மங்கி, தண்ணீர் மோட்டார் திணறி, பிறகுதான் அணையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. கடைசிவரை முழு வெளிச்சம் கொடுத்துவிட்டு, உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒரே நொடியில் எல்லாவற்றையும் துண்டித்துவிடும். அப்போது முனைகளில் அளந்தால் பூஜ்யமோ, பொருளற்ற ஏதோ சிறு எண்ணோ வரும். பேட்டரி செத்துவிட்டது என்று எண்ணிவிடாமல், லித்தியத்துக்கு உரிய சார்ஜரை இணைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும். பேட்டரி துண்டித்த நிலையில் இருந்தால் சில சார்ஜர்கள் சார்ஜ் செய்யவே மறுக்கும் என்பதால், அதை எழுப்பும் வசதியுள்ள சார்ஜராக இருப்பது நல்லது.

லெட்-ஆசிட் பேட்டரியாக இருந்தால், சார்ஜும் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் 12.6 முதல் 12.8 வோல்ட் என்பது முழுமை, 12.2 என்பது ஏறத்தாழ பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. லித்தியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முக்கால் பங்கு இருந்தாலும் பாதியே இருந்தாலும் 13.2 என்ற அளவை ஒட்டியே நின்றுகொண்டிருக்கும் என்பதால், வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தைக் கணிப்பது பெரிய பிழையில் கொண்டுவிடும்.

பேட்டரி சரியாக இருந்தால் அடுத்தது மெயின் பியூஸ். அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; இரு முனைகளிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். பியூஸ் நன்றாக இருந்து அதன் ஹோல்டர் கெட்டிருப்பது மிகச் சாதாரணம்: மலிவான ஹோல்டர்களில் பிடிப்புத் தகடு தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி நெளிந்திருக்கும். அதன்பின் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வண்டியின் பாடிக்குச் செல்லும் எர்த் இணைப்பு. ஒயர் முனையின் உலோக வளையமான லக் உட்காரும் இடத்தில் பெயிண்டும் துருவும் இருந்தால் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, பல்வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலினோ கிரீஸோ பூசிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போய்வரும் வண்டிகளில் இந்த இடம் ஓராண்டிலேயே துருப்பிடித்துவிடும்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை

வண்டியோடு வந்த கேபின் விளக்கில் பழைய பல்பை எடுத்துவிட்டு இருமுனை எல்.இ.டி. பல்பை மாட்டியிருந்தால், அதைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். இழை பல்புக்குத் திசை கிடையாது; பல எல்.இ.டி. பல்புகளுக்கு உண்டு.

எல்.இ.டி.கள் வரிசையாகப் பதித்த நாடாவான ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.கள் மட்டும் அடுத்தடுத்து அணைந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.களும் ஒரு மின்தடையும் தொடராக ஒரு தொகுதியாக இருக்கும் என்பதால், ஒன்று போனால் அந்தத் தொகுதியே போகும். வெட்டுவதற்குக் கோடு போட்டிருக்கும் இடத்தில் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை ஈயப்பற்று வைக்கலாம். ஓர் இடத்துக்கு அப்பால் முழுவதும் இருட்டாக இருந்தால், அந்த இடத்தில் இணைப்போ செப்புத்தடமோ விட்டிருக்கிறது.

வெளிச்சம் மங்கலாக இருக்கிறது

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.8 வாட் எடுக்கும் ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு மொத்தம் 24 வாட், அதாவது 2 ஆம்பியர் வேண்டும். பேட்டரி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயும் ஸ்ட்ரிப் பின்கதவுக்கு மேலேயும் இருந்து, ஒயர் தூண் வழியாக ஏறிக் கூரையில் ஓடினால் ஒருவழித் தூரம் ஏழு மீட்டர் எளிதில் ஆகிவிடும். போகவும் வரவும் பதினான்கு மீட்டர். இதற்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால், மீட்டருக்குச் சுமார் 0.039 ஓம் வீதம், வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று எல்.இ.டி.கள் சேர்ந்து ஏறத்தாழ 9 வோல்ட்டை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் மூன்று வோல்ட்டுதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. அதில் ஒன்று போனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதாகவே கொள்ளலாம். கடையில் ஒன்றரை ஸ்கொயர் என்று கேட்டால் தரும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இதே இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. விலையில் இருக்கும் சிறு வேறுபாட்டைப் பார்த்து மெல்லிய ஒயரைக் கூரைக்குள் ஓட்டிவிடுவதுதான், பின்னாளில் பலகைகளையெல்லாம் இறக்க வைக்கிற தவறு.

இழப்பு எங்கே நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அழகான ஒரு முறை உண்டு. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை விளக்கின் பாசிட்டிவிலும் வையுங்கள். அந்தப் பாதையில் எவ்வளவு தொலைகிறது என்பதை மீட்டர் நேரடியாகவே காட்டிவிடும். மீட்டரின் ஒயர் எட்டாவிட்டால் எந்தப் பழைய ஒயரையும் நீட்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதேபோல் நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து 0.4 வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நன்று. பாசிட்டிவ் பக்கம் 0.1-உம் நெகட்டிவ் பக்கம் 1.2-உம் காட்டினால், பாசிட்டிவ் ஒயரைத் தொடவே வேண்டாம். எர்த் எடுத்த இடத்தைத் தேடிச் செல்லுங்கள். கூரைச் சட்டத்தில் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் எர்த் எடுத்திருப்பார்கள், அது பெயிண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். என்னைக் கேட்டால், உள்விளக்குகளுக்குப் பாடியை நம்பாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் நெகட்டிவுக்கென்று தனி ஒயரைப் பேட்டரிப் பக்கத்து இணைப்புப் பட்டைவரை கொண்டுபோய்விடுவதே நல்லது.

தொடக்கத்தில் பளிச்சென்றும் கடைசியில் மங்கலாகவும் ஸ்ட்ரிப் எரிந்தால், வோல்டேஜ் இழப்பு ஸ்ட்ரிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதன் செப்புத்தடம் காகிதம்போல் மெல்லியது. ஐந்து மீட்டருக்கு ஒரே முனையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் கடைசி மீட்டர் பட்டினி கிடக்கும். மறுமுனைக்கும் ஒரு ஜோடி ஒயரைக் கொண்டுபோங்கள், அல்லது நடுவிலிருந்து கொடுங்கள். பலவண்ண ஸ்ட்ரிப்பில் இதே குறை வேறு உருவில் வரும்: வெள்ளையில் வைத்தால் கடைசிப் பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் அதிக வோல்டேஜ் தேவை என்பதால் அவை முதலில் சோர்ந்து, சிவப்பு மேலோங்குகிறது.

தண்ணீர் மோட்டாரைப் போடும்போது மட்டும் விளக்குகள் சற்றே மங்கினால், இரண்டும் ஒரே மெல்லிய ஒயரைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பொருள். மோட்டாருக்குத் தனிப் பாதை கொடுங்கள்.

விளக்கு துடிக்கிறது, விட்டுவிட்டு எரிகிறது

துடிப்பில் பல வகை உண்டு. எந்த வகை என்று கவனிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதும் கதவை அறைந்து சாத்தும்போதும் துடித்தால், காரணம் தளர்ந்த இணைப்பு. வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர் ஒயர் போகும் வழியெல்லாம் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே போனால் இடம் அகப்படும். ஸ்ட்ரிப்போடு விற்கும் பிளாஸ்டிக் கிளிப் இணைப்பான்களை முதலில் சந்தேகியுங்கள்; வீட்டு அலமாரிக்கு அவை போதும், குலுங்கும் வண்டிக்குப் போதாது. ஈயப்பற்று வைத்தால் ஒயர் விறைத்து, பற்று முடியும் ஓரத்தில் அதிர்வினால் ஒடியும் என்பதால், அதை அசையாதபடி ஒட்டி நிறுத்த வேண்டும். ஒயரோடு ஒயர் சேரும் இடங்களில், சரியான கருவியால் அழுத்திய கிரிம்ப் இணைப்பும் அதன்மேல் சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும்தான் நிலைக்கும். வண்டியின் சொந்த ஒயரை அறுக்காமல் அதன்மேல் கவ்வி, உள்ளே தகட்டால் குத்தி மின்சாரம் எடுக்கும் இணைப்பான்கள் சில இழைகளை வெட்டிவிடுகின்றன. அவற்றை எங்கே கண்டாலும் அகற்றிவிடுங்கள்.

வண்டி நின்றிருக்கும்போதும் ஒரே சீராகத் துடித்து, டிம்மரைக் குறைக்கும்போது அதிகமானால், டிம்மருக்கும் விளக்குக்கும் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலான 12 வோல்ட் டிம்மர்கள் பி.டபிள்யூ.எம். முறையில், அதாவது மின்சாரத்தை வினாடிக்குப் பல நூறு முறை விட்டு விட்டுக் கொடுத்து, வெளிச்சத்தைக் குறைக்கின்றன. மின்தடை மட்டும் உள்ள ஸ்ட்ரிப்புக்கு இது பொருந்தும். 10 முதல் 30 வோல்ட் என்று எழுதிய, உள்ளே வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டரைத் தனக்கென வைத்திருக்கும் விளக்குகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அத்தகைய விளக்குகளில், டிம் செய்யலாம் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

ஒரு வினாடி எரிந்து, ஒரு வினாடி அணைந்து, மீண்டும் எரிந்து என்று ஓயாமல் தொடர்ந்தால், பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் வோல்டேஜை மாற்றித்தரும் கன்வெர்ட்டர் தாங்க முடியாத சுமையினால் தன்னை அணைத்து அணைத்துத் தொடங்குகிறது. அதன்மேல் எழுதிய அளவில் முக்கால் பங்குக்கு மேல் சுமை வைக்காதீர்கள். இதே தாளம் இன்னும் மெதுவாக, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நடந்தால், பேட்டரி தீரும் நிலையில் இருக்கிறது: கண்ட்ரோலர் சுமையைத் துண்டித்தவுடன் வோல்டேஜ் சற்றே ஏறுகிறது, அதை நம்பி அது மீண்டும் இணைக்கிறது.

என்ஜின் ஓடும்போது மட்டும் துடித்தால் என்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் வரும் எர்த் பட்டையைப் பாருங்கள். அது சரியென்றால் ஆல்டர்னேட்டரை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறது

பெரிய பியூஸைப் போட்டுப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். பியூஸ் காப்பது ஒயரை, விளக்கை அன்று. கூரைப் பலகைக்கும் தகட்டுக்கும் இடையே தெர்மாகோலும் பிளைவுட்டும் நெருக்கிக் கிடக்கும் இடத்தில் ஓடும் ஒயர் சூடேறினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆம்பியர் எடுக்கும் விளக்குச் சுற்றுக்கு இளம்பழுப்பு நிற 5 ஆம்பியர் பிளேடு பியூஸ் போதும், அது விளக்குகளின் பியூஸ் பாக்ஸில் இருந்தாலும் பேட்டரி பாசிட்டிவுக்கு அருகிலேயே ஒரு மெயின் பியூஸும் இருக்க வேண்டும்.

ஷார்ட்டைத் தேடுவதற்கு டெஸ்ட் லேம்ப்பைப் போன்ற கருவி வேறில்லை. போன பியூஸை எடுத்துவிட்டு, அந்த ஹோல்டரின் இரு தகடுகளுக்கும் நடுவே 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். மின்னோட்டம் பல்பின் அளவான இரண்டு ஆம்பியருக்குள் அடங்கிவிடுவதால் சாதாரண விளக்கு ஒயருக்கு ஆபத்தில்லை, புதுப் புது பியூஸ்களும் வீணாகாது. இனி விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், ஒயரை அங்கங்கே அசையுங்கள்; எந்த இடத்தைத் தொடும்போது பல்பு அணைகிறதோ அல்லது சட்டென மங்குகிறதோ அங்கே பழுது இருக்கிறது. தகட்டுத் துளை வழியே ரப்பர் வளையம் இல்லாமல் ஒயர் நுழையும் இடங்களும், கூரைப் பலகையைப் பிடிக்க அடித்த செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூக்கள் ஒயரைத் துளைத்த இடங்களுமே பெரும்பாலும் அகப்படும்.

சுவிட்சை அழுத்தும் அதே நொடியில் பியூஸ் போகிறதென்றால், அது உள்ளே சிறு விளக்கு வைத்த மூன்று முனை ராக்கர் சுவிட்சா என்று பாருங்கள். அதில் ஒரு முனை மின்சாரம் வருவதற்கும், ஒன்று விளக்குக்குப் போவதற்கும், மூன்றாவது சுவிட்சின் சொந்த விளக்குக்கான நெகட்டிவுக்கும் ஆனவை. விளக்குக்குப் போக வேண்டிய முனையில் நெகட்டிவை மாட்டிவிட்டால், அழுத்தியவுடன் பாசிட்டிவும் நெகட்டிவும் நேராகச் சேர்ந்துவிடும்.

அணைத்த பிறகும் விளக்கு எரிகிறது

முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டேயிருந்தால் பழுது பெரும்பாலும் நெகட்டிவ் பக்கத்தில்தான். பல டிம்மர்களும், சிறு சோலார் கண்ட்ரோலர்களில் விளக்கு போன்ற சுமைகளை இணைக்கும் லோடு முனைகளும், பாசிட்டிவை நேராகவே விட்டுவிட்டு நெகட்டிவைத்தான் துண்டிக்கின்றன. அந்த விளக்கின் நெகட்டிவ் எங்காவது வண்டியின் பாடியைத் தொட்டிருந்தால், மின்சாரம் டிம்மரைச் சுற்றிக்கொண்டு பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிவிடும். டிம்மரை எவ்வளவு திருப்பினாலும் பயன் இராது. உலோக உறை கொண்ட விளக்கைத் தகட்டில் நேராக ஸ்க்ரூ வைத்துப் பிடித்திருந்தால் இதை முதலில் சோதியுங்கள். கண்ட்ரோலரின் லோடு முனையில் இது நடப்பது இன்னும் கெடுதல், ஏனெனில் பேட்டரி தீரும்போது சுமையைத் துண்டிக்கும் பாதுகாப்பும் அதோடு செயலற்றுப்போகிறது.

இருட்டில் மட்டும் தெரியும்படி மிக மெல்லிய ஒளி நின்றால், தொடு டிம்மரோ விளக்கு வைத்த சுவிட்சோ சில மில்லி ஆம்பியரைக் கசியவிடுகிறது. பாசிட்டிவ் பக்கத்தில் சாதாரண சுவிட்ச் ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது.

தானாகவே மாலையில் எரிந்து காலையில் அணைகிறது

இது பழுதே இல்லை. தெருவிளக்குக்காகச் செய்த சோலார் கண்ட்ரோலரின் லோடு முனை, பேனலில் வெளிச்சம் மறைவதைக் கொண்டு இரவைக் கணிக்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பொத்தானை நீளமாக அழுத்தி, எந்நேரமும் மின்சாரம் தரும் நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

வண்டி நின்றிருந்தபோதே பேட்டரி தீர்ந்துவிடுகிறது

பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போருக்கு இது தனிக் கவலை. கூரையில் பேனல் இருக்கிறதே என்று நம்பி, வண்டியை அடித்தளப் பார்க்கிங்கில் வாரக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அங்கே பேனலுக்குச் சூரிய ஒளி கிடையாது. குழல்விளக்கின் ஒளியில் அது தருவது ஒன்றுமில்லை. ஆனால் கண்ட்ரோலரின் திரை, ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் பலவண்ண விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி, தொடு டிம்மர், யு.எஸ்.பி. சாக்கெட்டின் நீல ஒளி ஆகியவை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் என்றால் வாரத்துக்கு 8 ஆம்பியர்-மணிக்கு மேல் ஆகும். இன்வெர்ட்டரை அணைக்க மறந்திருந்தால் கணக்கே வேறு: சும்மா இருக்கும்போதே 10 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் நாளொன்றுக்கு 20 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரம் தாங்காது. 230 வோல்ட் எல்.இ.டி. பல்பை இன்வெர்ட்டர் வைத்து எரிப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே 12 வோல்ட் விளக்குக்கு மாறலாம்.

கசிவை அளக்க, எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, பேனலின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். முதலிலேயே மில்லி ஆம்பியர் நிலையில் வைத்தால், பிரிட்ஜ் திடீரென ஓடத் தொடங்கும்போது மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். எண் வந்ததும் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துண்டிக்கும் மெயின் சுவிட்ச் ஒன்றைப் பேட்டரியின் அருகே வைப்பதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். லெட்-ஆசிட் பேட்டரியைக் காலியாக விட்டுவைத்தால் அதன் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

ஓட்டும்போதும் பேட்டரி ஏறவில்லை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ்.6 விதிகள் வந்தபின் விற்பனையான சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14 வோல்ட் தருவதில்லை. எரிபொருள் சேமிப்புக்காக வோல்டேஜைத் தானே இறக்கிக்கொள்ளும். என்ஜின் பேட்டரியையும் விளக்குகளுக்கான பேட்டரியையும் சேர்க்கும், 13.3 வோல்ட் வந்தால்தான் இணையும் சாதாரண ரிலே அந்த வண்டிகளில் பாதி நேரம் இணையாது. அங்கே, வரும் வோல்டேஜ் குறைந்தாலும் அதை உயர்த்திச் சார்ஜ் செய்யும் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் தீர்வு.

ஸ்ட்ரிப்புகள் சில மாதங்களிலேயே கருகுகின்றன

பெட்டியில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, வண்டியும் 12 வோல்ட், ஆகவே நேராக இணைக்கலாம் என்று எல்லோரும் எண்ணுகிறோம். ஆனால் வேனில் 12 வோல்ட் என்பது ஒரு பெயர் மட்டுமே. சார்ஜ் ஆகும்போது அது 14.4 வோல்ட். முன்பு சொன்ன கணக்கை மறுபக்கமாகப் போடுங்கள்: மூன்று எல்.இ.டி.களுக்கு 9 வோல்ட் போக, 12-இல் மிஞ்சுவது 3, 14.4-இல் மிஞ்சுவது 5.4. மின்னோட்டம் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது; மின்தடையில் எழும் சூடு மூன்று மடங்கைத் தாண்டுகிறது. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களின் ஸ்ட்ரிப்புகள் ஓய்வு நேரத்திலும் 13 வோல்ட்டுக்கு மேல் எரிகின்றன. வெயிலில் நின்று காய்ந்த கூரையில், அலுமினியத் தடம் இல்லாமல் பிளைவுட்டில் நேராக ஒட்டிய ஸ்ட்ரிப் இந்தச் சூட்டை எங்கே இறக்கிவைக்கும்? முதலில் மஞ்சளாகும், பிறகு தொகுதி தொகுதியாக அணையும்.

இதற்கு இரண்டு வழிகள். உள்ளே 9 வோல்ட் வந்தாலும் 15 வோல்ட் வந்தாலும் வெளியே 12 வோல்ட்டையே தரும் பக்-பூஸ்ட் ரெகுலேட்டர் ஒன்றை விளக்குகளின் பியூஸுக்குப் பின்னால் வைத்துவிடலாம். டிம்மர் இருந்தால் அது ரெகுலேட்டருக்குப் பிறகே வர வேண்டும். அல்லது 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் விளக்குகளையே வாங்கலாம். எந்த வழியானாலும் ஸ்ட்ரிப்பை அலுமினியத் தடத்தில் ஒட்டுங்கள். சூடும் இறங்கும், கோடையில் பசை விட்டுத் தொங்குவதும் நிற்கும். பெரிய பஸ்ஸை மாற்றியமைத்திருப்பவர்கள் அது 24 வோல்ட்டா என்பதை அளந்து பார்த்துவிட்டே எதையும் இணைக்க வேண்டும், ஏனெனில் அங்கே 12 வோல்ட் ஸ்ட்ரிப் கருகுவதற்குச் சில நிமிடங்களே போதும்.

விளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல்

101.3-இல் ரெயின்போ எஃப்.எம். தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது விளக்கைப் போட்டதும் இரைச்சல் வந்தால், மலிவான ரெகுலேட்டரோ டிம்மரோ அதை எழுப்புகிறது. அதன் ஒயர்கள் ஏரியலாகி இரைச்சலைப் பரப்புகின்றன. அதன் உள்ளே வரும் ஒயரிலும் வெளியே போகும் ஒயரிலும், அதற்கு மிக அருகிலேயே, கவ்வும் வகை பெர்ரைட் வளையங்களை மாட்டுங்கள்; பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரியாமல் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள்; ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள். அப்படியும் குறையாவிட்டால் உலோக உறையும் வடிகட்டும் சுற்றும் உள்ள ரெகுலேட்டரை வாங்கி, இதைக் கழற்றிவிடுங்கள்.